ஏலமலையில் கண்டிப்பும் கண்காணிப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தில் கம்பம் பள்ளத்தாக்கும், மலைமுகட்டுக்கு அப்பால் உடும்பஞ்சோலை வட்டமும் அமைந்துள்ளன. முன்னது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. போடிமெட்டும் கம்பமெட்டும் இவ்விரு நிலங்களையும் இணைக்கும் மலைவழிகள். ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் போடியிலிருந்தும், கம்பத்திலிருந்தும், உத்தமபாளையத்திலிருந்தும் விடியலுக்கு முன்பே ஜீப்புகள் புறப்படுகின்றன. அவற்றில் நெருக்கி அமர்ந்து மலையேறுவோரில் பெரும்பாலோர் பெண்கள். செடியின் தூரில் குனிந்தும் குந்தியும் நாள் முழுதும் காய் பறித்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் அவர்கள் வீடு திரும்புகின்றனர். இவ்விரு பயணங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவர்தம் பிள்ளைகள் யாருடைய பார்வையில் வளர்கின்றனர் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

பிள்ளைகள் சொற்கேளாமல் போவதும், பள்ளிக்கு மட்டம் போடுவதும், பிறரை அடிப்பதும், பொய்யுரைப்பதும் பெற்றோரின் கண்டிப்புக் குறைவால் நேர்வன என்பது நம்மவரிடையே வேரூன்றிய கருத்து. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்னும் பழமொழியை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. அயல் மாநிலங்களில் குடியேறிய தமிழர் இதனை மேலும் அழுத்தமாகக் கூறக் கேட்கிறோம். ஊரில் இருந்திருந்தால் இவன் இப்படி ஆகியிருக்கமாட்டான், அங்கே அடித்து வளர்ப்பார்கள் என்பது தில்லியிலும், மும்பையிலும், பெங்களூரிலும் தமிழ் வீடுகளில் ஒலிக்கும் பேச்சு. இக்கூற்றின் முற்பாதியில் ஓரளவு உண்மை உண்டு. பிற்பாதியில் காரணம் மாற்றி உரைக்கப்பட்டிருக்கிறது என்பதே நம் கருத்து.

முதலில், அடித்து வளர்ப்பது தமிழரின் தொன்மையான நெறிதானா என்று பார்ப்போம். திருக்குறளில் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களிலும் பிள்ளையை அடிப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருகிறான். அழியாதே என்று அவர்கள் வேண்டுகின்றனர். இக்காலத்தில் பெற்றோரை அழைத்துப் புகார் செய்யத்தக்க குறும்பு ஒன்றை நம் முன்னோர் பாடற்பொருளாக்கி மகிழ்ந்திருக்கின்றனர். இலக்கியத்தை வைத்துக்கொண்டு வீட்டு நடைமுறையை முற்றும் அளந்துவிட முடியாதுதான். எனினும், பிரம்பே தமிழ் மரபு என்று அறுதியிட்டுரைக்க இலக்கியத்தில் ஆதரவு இல்லை.

பிரம்பின் வரலாற்றைத் தேடுவோர் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் செல்ல வேண்டும். சென்னை மாகாணக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் ஓர் ஆணை அனுப்பினார். நாட்டுப் பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயில்வோர் எத்துணையர் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணாக்கரும் இருந்தனர். கலெக்டர்கள் அனுப்பிய விடைகளுள் பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் எழுதியது பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்கு, புகழுமில்லை இகழுமில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்பால் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கூட. சோம்பித் திரியும் பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு என்று அவர் எழுதினார். தமிழ் ஜில்லாக்களில் இந்தத் தண்டனைக்குக் கோதண்டம் என்று பெயர். இராமபிரானின் வில்லின் பெயரைப் பள்ளிச் சிறுவனைத் தொங்கவிடும் கயிற்றுக்கு இட்டவரின் நகைச்சுவை நமக்கு உவப்பாக இல்லை.

இவ்வளவு அடியும் பலன் தந்ததா? தந்தது என்பார், அக்காலத்தில் கற்றவர்களின் மனனத் திறனையும் பணிவையும் எடுத்துக்காட்டுவர். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடம் தெருவைப் பார்த்த திண்ணையில் நடந்தது என்பதை மறத்தலாகாது. வாத்தியார் அந்த ஊரில், அந்தத் தெருவில் குடியிருப்பவர். வீதியில் போகிறவர் வருகிறவரெல்லாம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள். மட்டம் போட்டவனைப் பிடித்துவரப் பெரிய மாணாக்கர்களை வாத்தியார் அனுப்புவார். அவன் ஒளிந்த இடத்தை யாரேனும் ஒருவர் சொல்லிவிடுவர். அடியோடு கூட ஓயாத பார்வையும் இருந்தது. எது பலித்தது, அடியா, பார்வையா என்று அந்தக் காலத்தில் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அடியின்றிப் பார்வையை மட்டும் வைத்துக்கொள்ள முயன்ற ஒருவர் சென்னையிலேயே இருந்தார். எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் பழகும் நாட்டுப் பள்ளிச் சிறுவர்களைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தனர். குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதியப்பட்டு, வாரந்தோறும் மாணாக்கர் குழு முன்னிலையில் படிக்கப்பட்டன; குற்றமா அன்றா என்று அக்குழுவே தீர்ப்புச் சொல்லியது. 1797-இல் இலண்டனில் இதனை அவர் நூலாக்கினார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைகளுக்கு மட்டும் அது திரும்பி வரவில்லை.

சட்டம் என்ன சொல்லிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரோ, அவரது இசைவுடன் பிறரோ நல்லெண்ணத்துடன் செய்யும் செயலைச் சில வரம்புகளுக்குட்பட்டுக் குற்றமன்று என்றது. பெற்றோரும் ஆசிரியரும் பிரம்பெடுத்ததற்கு நெடுங்காலம் இதுவே அரணாகக் காட்டப்பட்டது. குற்றம் புரிந்த சிறுவரைச் சிறையில் வைக்காமல் திருத்துவதற்கென்று 1876-இலும் 1897-இலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் வந்தன. செங்கற்பட்டில் 1887-இல் அத்தகைய பள்ளி ஒன்று ஏற்பட்டது. 1920-இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறுவர் சட்டம், இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. வங்காளம் 1922-இலும், பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. அந்த வழியில் வந்த 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வரையில், என் பிள்ளையை என்னால் அடக்க முடியவில்லை என்று பெற்றோரே முறையிடுவதற்கு இடமிருந்தது. கட்டுக்கடங்காத சிறார் என்பது சட்டச் சொல். பிள்ளையைக் கட்டுக்குள் வைக்கப் பெற்றோருக்கு நாளில் எத்தனை நாழிகை கிடைத்தது என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை.

இந்த நாழிகைக் கணக்கை விளங்கிக்கொள்ள மீண்டும் மலைக்குச் செல்வோம். ஏலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகச் சரக்கு. 1896-இல் அவ்வேகபோகம் நீங்கியபின் சாகுபடி விரிந்தது. அண்டையில் உள்ள பீர்மேட்டிலும் தேவிகுளத்திலும் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் மலையேறின. அவர்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, அழைத்து வந்து, வேலை வாங்கியவர் கங்காணி. கங்காணி என்பது கண்காணி என்ற சொல்லின் மரூஉ. கண்ணால் காவல் செய்பவர் என்பது பொருள்.

அக்காவல் எத்தகையது என்பதற்குச் சட்டமே சான்று. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859-ஆம் ஆண்டின் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இடந்தந்தது. 1865-இல் திருவிதாங்கூரும் இத்தகையதொரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மேஸ்திரிகளின் கைக்கம்பு எவ்வாறு பேசியது என்பதை, அங்கே மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் வெளியிட்ட ஆங்கில நாவலில் விரித்திருக்கிறார். வளர்ந்த ஆடவரும் பெண்டிரும் அடிக்கும் வசைக்கும் அஞ்சி வேலை செய்யுமிடத்தில், மாலையில் அவர்கள் திரும்பும் வீடு எத்தகையதாய் இருக்கும்?

இவ்வினாவுக்கு விடை கூறக்கூடிய ஆராய்ச்சி ஒன்று, நம் மலையைக் கண்டிராத ஒருவரால் செய்யப்பட்டது. அமெரிக்கச் சமூகவியலறிஞர் மெல்வின் கோன், 1969-இல் வெளியிட்ட நூலில், தந்தையின் தொழிலுக்கும் அவர் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் பண்புக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்தார். மேற்பார்வையாளனுக்குக் கீழ்ப்படிவதே பிழைப்பாக உள்ளவர், பிள்ளையிடமும் கீழ்ப்படிதலையே முதன்மையாக வேண்டினர். சுயமாக முடிவெடுக்கும் தொழிலில் உள்ளவர், பிள்ளை தானே சிந்தித்து நடப்பதை விரும்பினர். ஏழைகள் முரடர், கற்றவர் மென்மையானவர் என்ற இழிவான விளக்கம் இதனால் தேவையற்றுப் போகிறது. உலகம் தம்மிடம் எதைக் கேட்கிறதோ, அதற்கே பெற்றோர் தம் பிள்ளையைத் தயார் செய்கின்றனர். எதிர்த்துப் பேசினால் வேலை போகும் என்றறிந்த தந்தை, எதிர்த்துப் பேசும் மகனை அடிப்பதில் அவருக்கே உரிய ஓர் அக்கறை உண்டு.

தொழிலாளரைப் பார்க்கக் கங்காணி இருந்தார். பிள்ளைகளைப் பார்க்க யார் இருந்தனர்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் பிள்ளை மடுவம் என்று அழைத்த காப்பகம் ஒன்று உண்டு. இந்தியாவில் அதனைச் சட்டக் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில், காற்றும் வெளிச்சமும் உள்ள குழந்தைக் காப்பகம் வேண்டும். அதன் பொறுப்பில் பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். நல்ல வாசகம்தான். ஆனால் அச்சட்டம் முதலில் பெயர் சொல்லித் தழுவிய பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா ஆகிய நான்கே. ஏலம் அப்பட்டியலில் சேர்ந்தது 1981-ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான். சட்ட வாசகங்களைத் தமிழாக்குவது நமக்கு அன்றாட அலுவல். ஒரு சொல் முப்பது ஆண்டு கழித்து வந்து சேர்வதைக் காணும்போது, அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை எண்ணாதிருக்க முடிவதில்லை.

ஏலம் பெயரளவில் சேர்ந்த பின்னும் இரு தடைகள் நின்றன. ஏலத் தோட்டங்களில் சிறியவை மிகுதி. சட்டம் வகுத்த எண்ணிக்கையை அவை எட்டுவதில்லை. அன்றாடம் ஜீப்பில் வந்து போகும் தாயின் பிள்ளையோ மலையில் இல்லை. அது பள்ளத்தாக்கில், வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. தாய்க்கு வேலை தருவோர் கேரளத்தில், பிள்ளைக்குச் சத்துணவு தருவோர் தமிழ்நாட்டில். 1956 நவம்பர் முதல் நாள் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே ஒவ்வொரு பகலும் குறுக்கிடுகிறது.

எனவே பிள்ளையைப் பார்ப்பவர் அப்பத்தாவோ அம்மாச்சியோ ஆகிறார். அவர்களும் இல்லாத வீட்டில் மூத்த பெண். இந்த மூத்த பெண்ணைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் தம்பியை இடுப்பில் சுமப்பவள் அவள். தம்பி விழுந்து அடிபட்டால் மாலையில் அடி வாங்குபவளும் அவளே. அவள் வகுப்பில் தூங்கினால் மந்தமானவள் என்கின்றனர். பள்ளிக்கு வராவிட்டால் அடங்காதவள் என்கின்றனர். தம்பியை அவள் கிள்ளுகிறாள், அறைகிறாள். எவரிடம் கற்றாள் என்று கேட்க வேண்டியதில்லை. நடத்தைக் கோளாறு என்று ஏட்டில் எழுதப்படுவனவற்றுள் ஒரு பகுதி, வயதுக்கு மிஞ்சிய சுமையின் வேறு பெயராக இருக்கக் காண்கிறோம்.

தாயின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கும் பிள்ளைக்கும் கிடைப்பது மாலை விளக்கேற்றியதிலிருந்து உறங்கும் வரையுள்ள சிறு பொழுது. அதற்குள் சமையலும் நீரெடுப்பும் முடிய வேண்டும். பிள்ளை கடைக்குக் காசு கேட்டு அழுகிறது. இல்லை என்கிறார். அழுகை உரக்கிறது. அலுத்துப்போய்க் காசைத் தருகிறார். அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் அழும்போது ஓங்கி ஒன்று வைக்கிறார், அழுகை நிற்கிறது. அடித்தால் அடங்கும் என்று தாய் கற்றுக்கொள்கிறார். அடுத்த வாரம் அழுகையும் கூடுகிறது, அடியும் கூடுகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் குடும்பங்களை வீட்டிலேயே சென்று கவனித்த ஜெரால்டு பாட்டர்சன் என்னும் உளவியலறிஞர், 1982-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சுழற்சியைத்தான் விளக்கினார். ஒருநாள் இணங்குவதும் மறுநாள் அறைவதுமாக நடக்கும் கண்டிப்பு, பிள்ளையின் முரட்டுத்தனத்தைத் தானே பயிற்றுவிக்கிறது என்பது அவர் கண்டது.

அவருக்கு முன்பே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலியனார் குளூக் தம்பதியர் பாஸ்டன் நகரில் குற்றம் புரிந்த 500 சிறுவரையும் புரியாத 500 சிறுவரையும் ஒப்பிட்டு 1950-இல் ஒரு நூல் வெளியிட்டனர். தந்தையின் கண்டிப்பு மிகக் கடுமையாகவோ, தளர்ந்தோ, நாளுக்கொன்றாக மாறியோ இருந்த வீடுகளிலும், தாயின் மேற்பார்வை குறைந்த வீடுகளிலும் குற்றம் மிகுந்திருந்தது. உறுதியும் அன்பும் சேர்ந்த கண்டிப்புள்ள வீடுகளில் குறைந்திருந்தது. அவர்கள் வகுத்த முன்கணிப்பு அட்டவணைகள் பின்னர் கண்டனத்துக்குள்ளாயின, அது நியாயமே. ஆயினும், அதே ஏடுகளை ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்னும் இருவர் மறுபடி ஆய்ந்து 1993-இல் வெளியிட்டபோதும், மேற்பார்வையும் பற்றும் முறையான கண்டிப்புமே முன்னின்றன. ஏழ்மை பெரும்பாலும் இவற்றின் வழியாகவே பிள்ளையைத் தீண்டுகிறது என்பது அவர்கள் கூறிய நுட்பம். ஜீப்பில் ஏறும் தாய்க்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாரும் அடிக்கும் ஊரில் அடி உறைக்காது என்று சிலர் வாதிடுவர். இதனையும் சோதித்திருக்கின்றனர். ஜெனிபர் லான்ஸ்போர்டும் அவர் குழுவினரும் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆய்ந்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். அடி வழக்கமாகவுள்ள நாடுகளில் அதன் தீங்கு சற்றுக் குறைந்து தோன்றியது மெய். ஆனால் எந்நாட்டிலும் அது நன்மையாக மாறவில்லை. மிகுதியாக அடிபட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் அச்சமும் மிகுந்தே இருந்தன. 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 75 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே திசையே தெரிந்தது. குறும்பு மிகுந்த பிள்ளைதானே மிகுதியாக அடிபடுகிறது என்ற ஐயம் முறையானது. எனினும், அடியால் குறும்பு நாளடைவில் குறைந்தது என்று காட்ட அந்த 75-இல் ஆதரவு கிட்டவில்லை.

இனி, வெளிமாநிலத் தமிழர் ஊர் என்று நினைவுகூர்வது எதனை என்று நோக்கலாம். ஊரில் அடி இருந்தது. கூடவே அதைத் தடுக்கும் கையும் இருந்தது. அப்பா கம்பை எடுத்தால் அப்பத்தாவின் முந்தானைக்குள் பிள்ளை ஒளியும். போதும் விடுடா என்று பெரியப்பா அதட்டுவார். தாய்மாமன் வந்து பிள்ளையைத் தம் வீட்டுக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்வார். உடும்பஞ்சோலையின் லயத்து ஒற்றை அறையிலும், தில்லியின் அரசுக் குடியிருப்பிலும் அடி மட்டும் வந்து சேர்ந்தது, முந்தானை வரவில்லை. பிள்ளை அயல்மொழியைப் பெற்றோரைவிட விரைவில் கற்றுவிடுவதால், வீட்டுக்கு வரும் கடிதத்தையும் பள்ளி அறிவிப்பையும் படித்துச் சொல்லும் அதிகாரம் பிள்ளையின் கைக்குப் போகிறது. தமிழில் அதட்டும் தந்தைக்கு மலையாளத்திலோ இந்தியிலோ மறுமொழி வரும்போது, அவர் கை ஓங்குவது பெரும்பாலும் நாணத்தினால்தான்.

2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு, கேரளம் உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டறிந்தது. மூவரில் இருவர் உடல்வழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 88.6 பேருக்கு அடித்தவர் பெற்றோரே. இது தமிழர் குறையுமன்று, மலைவாசிகள் குறையுமன்று. தோட்டத்துப் பிள்ளை முரடன் என்று பள்ளிகளில் எளிதாக ஒட்டப்படும் முத்திரைக்கு இக்கணக்கில் இடமில்லை.

அலுவலகக் கோப்புகளில் டிசிப்ளின் என்ற சொல் வரும்போதெல்லாம் ஒழுங்கு நடவடிக்கை என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அதன் இலத்தீன் வேர் மாணாக்கனைக் குறிப்பது. நாம் வீட்டில் வழங்கும் கண்டித்தல் என்ற சொல்லின் வடமொழி வேருக்கோ துண்டித்தல் என்று பொருள். வளர்ப்பு என்ற சொல் நம்மிடம் இருக்கவே இருக்கிறது. அதற்குக் கோப்புகளில் பத்தி ஒதுக்கப்படவில்லை.

சட்டங்கள் மெல்ல நகர்ந்திருக்கின்றன. 1979-இல் ஸ்வீடன், பெற்றோரும் பிள்ளையை அடிக்கலாகாது என்று விதித்த முதல் நாடாயிற்று. அச்செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு வீடுதோறும் சேர்ப்பித்தது. இந்தியா 1992-இல் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையைத் தடுத்தது. கோதண்டம் அன்றோடு சட்டப்படி மறைந்தது எனலாம். வீட்டைப் பொறுத்தவரை, 1860-இன் 89-ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவாக எண் மாறி அப்படியே நிற்கிறது.

தடைச்சட்டம் வந்தால் போதுமென்று நாம் கருதவில்லை. பார்வைக்கு வழியின்றி அடியை மட்டும் பிடுங்கிக்கொண்டால் தாய் கைவிடப்பட்டவராகிறார். 1975 அக்டோபரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அங்கன்வாடிகள் வந்தன. 2022-இல் மத்திய அரசு பால்னா என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் ஏற்பாட்டை வகுத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் அங்கன்வாடிக் கதவு திறந்து ஆயா பாய் விரிக்கும்போது, அவ்வூர் ஜீப்புகள் மலையேறி நெடுநேரம் ஆகியிருக்கும். அந்த இடைநேரத்தில் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் வீடு ஒன்று தெருவுக்கு ஒன்றாக அமைவதும், அதற்கான கூலியில் ஒரு பங்கை எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டக்காரர் தருவதும், இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி முடிக்க வேண்டிய காரியங்கள்.